சீட் போஸ்ட்டில் டேப் இருந்த இடத்திலேயே இருக்கிறது, முழங்கால்தான் வலிக்கிறது

சத்துவாச்சாரி சவாரி:

வணக்கம். ஆறு வாரமாக ஒரு விஷயம் தலையைக் குடைகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஹைப்ரிட் சைக்கிள், முன்னால் மூன்று தட்டு, பின்னால் எட்டு. மூன்று வருஷம் முன்பு ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். அவர் நல்ல உயரம், நான் 5 அடி 5 அங்குலம். வார நாட்களில் சத்துவாச்சாரியிலிருந்து பாகாயத்துக்கு ஆபீஸ் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பிக் கணியம்பாடி வழியாக அமிர்தி. எட்டரைக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கப்புறம் நம்மூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடது கிராங்கில் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை) பெடல் மாட்டும் மரை தேய்ந்துபோய்ப் பெடல் ஆட ஆரம்பித்தது. கடைக்குக் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "175 போட்டுருக்காங்க சார். உங்க காலுக்கு இவ்ளோ நீளம் இன்னாத்துக்கு? 165 போட்டுடலாம்" என்றார். கிராங்கின் நீளத்தை மி.மீ.யில் சொல்கிறார். சரி என்றேன். பழைய ஜெல் சீட்டும் ஓரத்தில் கிழிந்திருந்தது. அதையும் அன்றைக்கே மாற்றிவிட்டேன். புதுசு, மூக்கு குட்டை, நடுவில் பள்ளம் விட்ட மாதிரி. பழைய சீட்டின் மூக்கு எங்கே இருந்ததோ அதே இடத்தில் புது மூக்கும் வருகிற மாதிரி வைத்துத் தரச் சொன்னேன்.

உயரத்தில் எந்த மாற்றமும் இல்லை. இதை உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் சீட் போஸ்ட்டில் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக ஓட்டி ஓட்டிப் பார்த்து அமைந்த உயரம் அது. டேப்பின் கீழ் விளிம்பு ஃபிரேமைத் தொட்டால் சரியான உயரம். இப்போதும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் வலது முழங்காலில், சில்லுக்குக் கீழே முன்பக்கம், அமிர்தியிலிருந்து திரும்பும்போது ஊசி குத்துகிற மாதிரி வலி. மாடிப்படி இறங்கினால் திங்கள்கிழமை வரை தெரிகிறது. கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. வார நாட்களில் இவ்வளவு இல்லை. கியரும் ஒரு படி கனமாகிவிட்ட மாதிரி ஒரு உணர்வு. கடையில் கேட்டால், "புது சீட்டு பழகணும் சார்" என்கிறார்கள்.

ஹேண்டில், டயர், பெடல் எதையும் தொடவில்லை. பழைய நீளக் கிராங்கையே தேடி வாங்கி மாட்டிவிடலாமா?

காட்பாடி கேரியர்:

புது சீட் என்றால் ஒரு மாசம் வலிக்கத்தான் செய்யும். நான் அப்பா வைத்திருந்த 24 இஞ்ச் வண்டியைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். கிராங்க்குக்கு ஆப்பு அடித்திருக்கும், நீளம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரங்குப் பெடல் போட்டுப் பழகிய வண்டி, முழங்கால் ஒன்றும் ஆகவில்லை. அதிகம் நோண்டாதீர்கள்.

ஆம்பூர் கட்டை:

காட்பாடிக்காரரே, புது சீட் வலித்தால் உட்காருகிற இடம் வலிக்கும். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் அப்பா வண்டி உங்களுக்கு ஒத்துப்போனதற்குக் காரணம், முப்பது வருஷமாக அதில் நீங்கள் எதையுமே மாற்றாததுதான்.

தம்பி, சத்துவாச்சாரி. முதலில் அந்த டேப்பை நம்புவதை விடுங்கள். போஸ்ட் எவ்வளவு ஆழம் உள்ளே இறங்கியிருக்கிறது என்பதைத் தவிர டேப்புக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் காலுக்கு வேண்டிய கணக்கு வேறு. உட்காருகிற இடத்திலிருந்து உள்ளங்கால் வரை எவ்வளவு தூரம், அதுதான் கணக்கு. அந்த இரண்டுக்கும் நடுவில் சீட், கிராங்க், பெடல், ஷூ என்று நாலு சாமான் வரிசையாக நிற்கின்றன. எதை மாற்றினாலும் தூரம் மாறும். டேப் அப்படியே இருக்கும்.

கிராங்கை எடுத்துக்கொள்வோம். பெடல் அடியில் இருக்கும்போது 175-இல் அது கிராங்க் அச்சிலிருந்து 17.5 செ.மீ. கீழே நிற்கும். 165-இல் 16.5. அதாவது நீங்கள் கால் வைக்கிற படி ஒரு செ.மீ. மேலே வந்துவிட்டது. கால் முழுசாக நீள இடமில்லை, ஒவ்வொரு சுற்றிலும் மடங்கின முழங்காலோடே அழுத்துகிறீர்கள். சீட்டையும் ஒரு செ.மீ. ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினால் இன்னொரு லாபம் இருக்கிறது. பெடல் உச்சியில் வரும்போது குட்டைக் கிராங்க் அதை ஒரு செ.மீ. கீழேயே நிறுத்துகிறது. சீட் ஒரு செ.மீ. ஏறியதையும் சேர்த்தால் முழங்கால் அதிகம் மடங்குகிற அந்த இடத்தில் 2 செ.மீ. தாராளம் கிடைக்கும். குட்டைக் கிராங்க் முழங்காலுக்கு நல்லது என்று சொல்வது இதனால்தான். கடைக்காரர் சொன்ன யோசனை சரிதான், பாதியோடு நிறுத்திவிட்டார்.

கியர் கனமான மாதிரி இருப்பதும் உங்கள் கற்பனை இல்லை. நெம்புகோல் குட்டையாகிவிட்டது. அதே கியரில் அதே வேகத்துக்குச் சுமார் 6 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். ஒரு பல் இலேசான கியரில் போட்டு வேகமாகச் சுற்றுங்கள். வட்டம் சின்னதாகிவிட்டதால் வேகமாகச் சுற்றுவது இப்போது சுலபமாகவே வரும். பழைய கியரிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தால் அதுவும் முழங்காலில்தான் வந்து விழும்.

அடுத்தது சீட். பழையது பரணில் கிடக்கிறதா? இரண்டிலும் அடியில் ஓடும் கம்பியிலிருந்து மேல் தோல் வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஜெல் சீட் எப்போதுமே தடி. புதுசு ஒரு செ.மீ. தாழ்வாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அளக்கும்போது சீட்டின் அகலம் 8 செ.மீ. இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளங்கள். இரண்டு வேறு சீட்டை ஒப்பிட அதுதான் பொது இடம்.

மூக்கோடு மூக்கு சேர்த்து வைத்தது தப்பு. நாம் மூக்கில் உட்காருவதில்லை. குட்டை சீட்டில் உட்காருகிற இடம் மூக்குக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். மூக்கை அதே இடத்தில் வைத்தால் நீங்கள் 2, 3 செ.மீ. முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படி நகர்ந்தால் முழங்கால் பெடலைத் தாண்டி முன்னே போகும், உடம்பு பாரம் கையில் இறங்கும். விரல் மரத்துப்போவதற்கு இது போதும். சீட்டைப் பின்னால் தள்ளுங்கள், கம்பி எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு. ஒரு செ.மீ. பின்னால் போனால் கிராங்கிலிருந்து சீட் சுமார் 3 மி.மீ. விலகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலில் என்ன போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்கள்? வார நாளில் வலி குறைவு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஷூ மேல்தான் சந்தேகம் வந்தது. ஆம்பூர் என்றால் எல்லோருக்கும் பிரியாணி, எங்களுக்குத் தோல். 26 வருஷம் ஷூ ஃபேக்டரியில் இருந்தவன், யார் வந்தாலும் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பேன். இப்போது வருகிற ஓட்டப் பயிற்சி ஷூக்கள் மெத்தை மாதிரி. ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் அடி கனம் ஒரு செ.மீ. வரை கூட வித்தியாசப்படும். அடி தடித்தால் உள்ளங்கால் மேலே ஏறும், சீட் தாழ்ந்த கணக்குதான்.

அளக்கிற விதம் சொல்கிறேன். லேஸை முழுக்கத் தளர்த்தி நாக்கைத் தூக்கிவிடுங்கள். பெருவிரலுக்குப் பின்னால் குண்டாக இருக்கிற இடம், பெடலில் அழுத்துகிற இடம், அதற்கு நேர் மேலே ஷூவின் குறுக்கே ஒரு ஸ்கேலைப் படுக்க வையுங்கள். மேஜையிலிருந்து அந்த ஸ்கேல் வரை வெளியே ஒரு அளவு, உள் அட்டையிலிருந்து அதே ஸ்கேல் வரை உள்ளே ஒரு அளவு. இரண்டையும் கழித்தால் வருவதுதான் அடி கனம். குதிகாலை அளக்காதீர்கள், அங்கே எப்போதும் தடி, பெடலுக்கும் அதற்கும் வேலையில்லை.

நான் இதற்கு நேர்மாறாக மாட்டிக்கொண்டவன். தடிப் பிளாஸ்டிக் பெடலை எடுத்துவிட்டு மெல்லிய அலுமினியப் பெடல் போட்டேன். அதே வாரம் அடி மெல்லிய ஷூவும் மாற்றினேன். இரண்டும் சேர்ந்து கால் ஒன்றரை செ.மீ. கீழே போய்விட்டது. சீட் மேலே ஏறின மாதிரி. ஒன்றும் தெரியாமல் பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில் முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில், நரம்பைச் சுண்டி இழுத்த மாதிரி. எட்டி எட்டி மிதித்திருக்கிறேன். மீதி வளைவெல்லாம் தள்ளிக்கொண்டே ஏறினேன், குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஷூக்காரனுக்கே இந்த கதி.

அளந்துவிட்டு எழுதுங்கள். சீட் மேலிருந்து, அடியில் நிற்கிற பெடலின் அச்சு வரை ஒரு அளவு, சீட் குழாயின் சாய்வோடு கிராங்கையும் ஒரே கோட்டில் நிறுத்தி. உங்கள் உள்தொடை நீளமும் வேண்டும். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, தடியான அட்டை போட்ட புத்தகத்தைக் காலிடுக்கில் நன்றாக மேலே இறுக்கி, அதன் மேல் விளிம்பில் பென்சில் கோடு. தரையிலிருந்து கோடு வரை.

குடியாத்தம் பிசியோ:

ஆம்பூர் அண்ணா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து ஒன்றுதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முழங்கால் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு அல்லது ரொம்ப முன்னால். பின்பக்க மடிப்பில் வலித்தால் சீட் உயரம். சுண்டுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து மரத்தால் உள்ளங்கை அடிப்பகுதியில் ஓடுகிற உல்நார் நரம்பு நசுங்குகிறது. இதெல்லாம் வண்டியைத் திருத்தினால் சரியாகிற ரகம். ஆனால் மூட்டு வீங்கினால், மடக்கும்போது பூட்டிக்கொண்டால், ராத்திரி படுத்திருக்கும்போதே வலித்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு, மூன்று செ.மீ.யை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். ஆறு வாரமாகத் தசை இந்தத் தாழ்ந்த உயரத்துக்குப் பழகியிருக்கிறது. ஒரு தடவைக்கு 5 மி.மீ., நடுவில் இரண்டு மூன்று சவாரி. அமிர்தி ஏற்றத்தை இரண்டு வாரம் மறந்துவிடுங்கள்.

ஆம்பூர் கட்டை:

அம்மா சொல்வது புது உயரத்துக்குப் போகிறவர்களுக்குச் சரி. இவர் மூன்று வருஷம் ஓட்டின உயரத்துக்குத் திரும்புகிறார். முதல் தடவை 10 மி.மீ. ஏற்றலாம், அப்புறம் ஐந்து ஐந்தாக. இதில் நான் சண்டை போட மாட்டேன்.

சத்துவாச்சாரி சவாரி:

அளந்துவிட்டேன். பையன் டேப் பிடித்தான், எட்டாவது படிக்கிறான், மி.மீ. வரை சண்டை போடுகிறான்.

பழைய சீட் கம்பியிலிருந்து மேலே 7.4 செ.மீ., புதுசு 6.3. மூக்கிலிருந்து 8 செ.மீ. அகலம் வருகிற இடம் பழையதில் 15.5, புதியதில் 12.8. நீங்கள் சொன்ன மாதிரியே ஏறக்குறைய 2.7 செ.மீ. முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

ஷூ விஷயம் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று இரண்டு மாசம் முன்புதான் மெத்தை மாதிரி ஒன்று வாங்கினேன். அதை நான் வண்டிச் சாமானாக நினைக்கவே இல்லை. பழைய கேன்வாஸ் அடி 1.9 செ.மீ., புதுசு 2.6. ஆபீஸுக்குச் செருப்பில் போகிறேன், அது இன்னும் மெல்லிசு.

உள்தொடை 76 செ.மீ. சீட் மேலிருந்து பெடல் அச்சு வரை 80.4. இணையத்தில் தேடினால் உள்தொடையை 0.883-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். 67.1 வருகிறது. இது எங்கிருந்து எங்கே?

ஆம்பூர் கட்டை:

0.883 என்பது டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1986, 1989, 1990 என மூன்று தடவை ஜெயித்த கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட் மேல் வரை. அதில் கிராங்க் நீளம் என்ற பேச்சே கிடையாது, 165 போட்டாலும் 175 போட்டாலும் ஒரே விடைதான் சொல்லும். கிராங்க் மாற்றினவருக்கு அது உதவாது. 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் பெடல் அச்சிலிருந்து அளந்து, உள்தொடையில் 109 சதவீதம் என்றார்கள். உங்களுக்கு அது பொருந்தும். 76-ஐ 1.09-ஆல் பெருக்கினால் 82.8.

இப்போது பாருங்கள். நீங்கள் நிற்பது 80.4. கிராங்கில் போன 1.0, சீட்டில் போன 1.1 இரண்டையும் கூட்டினால் 82.5. பழைய வண்டியில் சூத்திரம் எதுவும் தெரியாமல் ஓட்டியே கண்டுபிடித்த உயரம் சூத்திரத்துக்கு 3 மி.மீ. பக்கத்தில் இருந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் உடம்பு சொல்வதை நான் சூத்திரத்துக்கு மேலே வைக்கிறேன்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்யுங்கள். சீட்டை முதலில் பின்னால் தள்ளுங்கள், உயரம் அப்புறம். மாற்றிச் செய்தால் இரண்டு தடவை வேலை. தள்ளின பிறகு சீட் மட்டமாக இருக்கிறதா என்று மொபைலில் மட்டம் பார்க்கிற ஆப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மூக்கு கீழே சாய்ந்தாலும் பாரம் கையில்தான் இறங்கும். அப்புறம் உயரம். போஸ்ட்டை ஏற்றும்போது அதில் பொறித்திருக்கிற குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நீளமான போஸ்ட் வாங்குங்கள், இது பேரம் பேசுகிற இடமில்லை.

82.5 வரை கண்டிப்பாகப் போக வேண்டும் என்று இல்லை. பழைய ஜெல் உட்கார்ந்தால் அமுங்கியிருக்கும், புதுசு அமுங்காது. கொஞ்சம் முன்னாலேயே நிற்க வேண்டி வரலாம். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். அடியில் கால் நேராக வேண்டும், இடுப்பு ஆடக் கூடாது. பையனைப் பின்னால் ஓட்டி வரச் சொல்லி இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு நாமே பார்க்க முடியாத இடம் அது.

சீட் ஏறினால் ஹேண்டில் தானாகத் தாழ்ந்த கணக்கு. ஸ்டெமுக்கு (ஹேண்டிலைப் பிடித்திருக்கிற துண்டு) மேலே ஸ்பேசர் வளையம் ஏதாவது இருக்கிறதா?

சத்துவாச்சாரி சவாரி:

ஒரு செ.மீ. வளையம் ஒன்று மேலே இருக்கிறது. அதைக் கீழே போட்டுவிடலாமா? ஃபோர்க் கழன்று விழுமா என்று பயமாக இருக்கிறது.

ஆம்பூர் கட்டை:

முன் சக்கரம் தரையில் இருக்கும்வரை விழாது. பக்கவாட்டில் இருக்கிற இரண்டு போல்ட்டைத் தளர்த்துங்கள், உச்சி மூடியைக் கழற்றுங்கள், ஸ்டெமை உருவி வளையத்தைக் கீழே போட்டுத் திரும்ப இறக்குங்கள். மாட்டும்போது உச்சி மூடி முதலில். அது பேரிங்கில் ஆட்டம் எடுப்பதற்கு மட்டும்தான், அழுத்தி முறுக்காதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். டொக் டொக் என்றால் கொஞ்சம் இறுக்குங்கள், ஹேண்டில் திரும்புவதே கனமாக இருந்தால் தளர்த்துங்கள். சக்கரத்துக்கு நேராக ஹேண்டிலை நிறுத்திவிட்டுப் பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

அதுவும் போதாவிட்டால் ஸ்டெமைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். 90 மி.மீ., 7 டிகிரி ஸ்டெம் என்றால் ஏறக்குறைய 2 செ.மீ. உயரம் கிடைக்கும். இப்போதைக்கு வேண்டாம், ஒரு சமயத்தில் ஒன்று.

சத்துவாச்சாரி சவாரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சீட்டைக் கம்பி விட்ட அளவுக்கு, ஒன்றரை செ.மீ. பின்னால் தள்ளினேன். அதிலேயே 80.4 என்பது 80.8 ஆனது. அப்புறம் 10 மி.மீ. ஏற்றினேன் (பிசியோ மேடம் மன்னிக்கணும்). நாலு நாள் கழித்து இன்னொரு 5. இப்போது 82.3. அதற்குமேல் 5 ஏற்றிப் பார்த்தேன். பாலாற்றுப் பாலத்தின் மேல் பின்னாலிருந்து பையன், "அப்பா, டான்ஸ் ஆடுறீங்க" என்று கத்தினான். இறக்கிவிட்டேன். வளையம் கீழே போய்விட்டது.

மெத்தை ஷூ இனி நடைப்பயிற்சிக்கு மட்டும். போன ஞாயிறு கேன்வாஸ் போட்டு அமிர்தி போய் வந்தேன், ஒரு பல் இலேசாகவே மிதித்தேன். மாடிப்படியில் ஒன்றும் தெரியவில்லை. மோதிர விரல் மட்டும் திரும்பும்போது கொஞ்சம் மரத்தது, முன்பு மாதிரி இல்லை. அடுத்த வாரம் ஸ்டெமைத் திருப்பிப் பார்க்கப்போகிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். டேப்பை உரித்துவிட்டேன், போஸ்ட்டில் பசை ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் போடலாமா?

காட்பாடி கேரியர்:

தேங்காய் எண்ணெய் போட்டு அரை மணி நேரம் விட்டுத் துணியால் துடையுங்கள், போய்விடும்.

ஆம்பூர் கட்டை:

போஸ்ட்டை வெளியே எடுத்துவிட்டுத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு மாட்டினால் போகப் போகச் சீட் தானாக இறங்கும், மறுபடியும் வந்து முழங்கால் வலி என்பீர்கள். எடுக்கும் முன்னால் எந்த உயரம் என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெடலிலிருந்து.